வெளிறின பாக்கெட், அதே விஷம்: சிகரெட் அட்டை டிசைன் நம்ம பயத்தை எப்படி குறைக்குது

காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு பெட்டிக்கடைல பத்து நிமிஷம் நின்னா போதும், "அண்ணே, லைட்ஸ் ஒண்ணு குடுங்க"ன்னு ஒரு குரல் வந்துரும். லைட், மைல்ட் மாதிரி வார்த்தைங்களை பாக்கெட்ல போடக்கூடாதுன்னு 2008-லயே மத்திய அரசு விதி போட்டாச்சு, பாக்கெட்ட எடுத்து பாத்தா அந்த வார்த்தையும் இருக்காது, ஆனாலும் கேக்குறவருக்கு எது வேணும்னு தெரியுது, கடைக்காரருக்கு எதை எடுக்கணும்னு தெரியுது. ரெண்டு பேருக்கும் நடுவுல பேசுறது கலர்தான்.

பாக்கெட்ல படம் மாறினதா செய்தி வர்றப்பல்லாம் ரெண்டு கேள்வி சுத்துது. இவ்வளவு பெருசா புண்ணு படம் போட்டும் ஏன் ஜனங்க குடிக்கிறாங்க, அப்ப படத்தால பிரயோஜனமே இல்லையாங்கிறது ஒண்ணு. படம்தான் போட்டாச்சே, வெளிநாட்டுல எதுக்கு பிராண்டோட கலரையும் சேத்து புடுங்குறாங்கங்கிறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துல இருக்கு, அதுக்கு முதல்ல சில அடிப்படை விஷயம் புரியணும்.

தார்னா என்ன, லைட்னா என்ன

சிகரெட் புகைல 7000-க்கும் மேல ரசாயனம் இருக்கு, அதுல 70 கிட்ட கேன்சர் உண்டாக்கக்கூடியது. அந்த புகைல மிதக்குற துகள்கள்ல தண்ணியையும் நிகோடினையும் கழிச்சுட்டு மிச்சம் நிக்கிற பிசுபிசுப்புக்கு பேருதான் தார். நிகோடின்ங்கிறது வேற, அது அடிமையாக்குற சரக்கு, உடம்பு கேக்குறது அதைத்தான், கூடவே தார் வந்து சேருது.

லைட் சிகரெட்னா தார் கம்மின்னு எல்லாரும் நம்புறாங்க. அந்த கம்மிங்கிற கணக்க எப்படி எடுத்தாங்கன்னு தெரிஞ்சா அந்த நம்பிக்கை நிக்காது.

1. தாரை அளக்க ஒரு மெஷின் உண்டு. அது நிமிஷத்துக்கு ஒரு தடவை, 2 செகண்டு, 35 மில்லி புகைய இழுக்கும். எந்த சிகரெட்ட வச்சாலும் அதே இழுப்புதான்.

2. லைட் சிகரெட்ல பஞ்ச, அதாவது ஃபில்டர, சுத்தி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு பொடி ஓட்டை போட்டிருப்பாங்க. மெஷின் இழுக்கும்போது அந்த ஓட்டை வழியா வெளிக்காத்து கலந்துரும், புகை நீர்த்துப்போகும், மீட்டர்ல தார் கம்மியா காட்டும்.

3. மனுஷன் மெஷின் இல்ல. நிகோடின் பத்தலைன்னா உடம்பு விடாது. இன்னும் ஆழமா இழுப்பான், அடிக்கடி இழுப்பான், புகைய உள்ளயே நிறுத்துவான், போதாததுக்கு அந்த ஓட்டை இருக்குற இடத்துலதான் விரலும் உதடும் படும், ஓட்டை அடைஞ்சுரும். கடைசில உள்ள போற தார் கிட்டத்தட்ட அதேதான்.

4. ஆழமா இழுத்தா புகை நுரையீரலோட ஓரம் வரைக்கும் போகும். பஞ்சுல ஓட்டை போட்டது மாதிரி சிகரெட்டோட அமைப்புல வந்த மாற்றங்கதான் அடினோகார்சினோமாங்கிற நுரையீரல் கேன்சர் வகை அதிகமானதுக்கு காரணமா இருக்கலாம்னு அமெரிக்க அரசோட பொது சுகாதார தலைமை டாக்டரான சர்ஜன் ஜெனரலோட 2014 அறிக்கை சொல்லுது.

இந்த மெஷின் கணக்கை வச்சு விளம்பரம் பண்ணலாம்னு பல வருஷம் அனுமதிச்சிருந்த அமெரிக்க அரசு அமைப்பே 2008-ல அந்த அனுமதிய வாபஸ் வாங்கிருச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2006-ல, வாஷிங்டன் ஃபெடரல் கோர்ட் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 1600 பக்கத்துக்கு மேல ஒரு தீர்ப்பு எழுதினாங்க. லைட் சிகரெட்டால உடம்புக்கு எந்த நல்லதும் இல்லைன்னு தெரிஞ்சே கம்பெனிங்க ஜனங்கள ஏமாத்துனாங்கன்னு அதுல தெளிவா இருக்கு. விட்டுறலாம்னு நெனச்ச எத்தனையோ பேரு, "சரி, லைட்டுக்கு மாறிக்கலாம்"னு பாதி வழில நின்னுட்டாங்க, அதுதான் இதுல பெரிய கொடுமை.

கலர் எப்படி ருசியாகுது

நம்ம ஊரு சமையல்லயே இதுக்கு உதாரணம் இருக்கு. செவசெவன்னு எண்ணெ மிதக்குற குழம்ப பாத்ததும் காரம்னு கை தயங்கும், இட்லிக்கு வெள்ளை குருமா ஊத்தினா யாரும் யோசிக்க மாட்டாங்க, தேங்காயும் கசகசாவும் அரைச்ச வெள்ளைதானேன்னு தாராளமா ஊத்திக்குவாங்க, அதுல அரைச்சுவிட்ட பச்சை மிளகாய் ரெண்டாவது வாயில தொண்டைய புடிக்கும்போதுதான் தெரியும். ஆனா சாப்பாட்டுல நாக்கு உடனே உண்மைய சொல்லிருது. சிகரெட்ல உண்மை தெரிய இருபது, முப்பது வருஷம் ஆகுது, அதுவரைக்கும் கண்ணு சொன்னதுதான் சாட்சி.

லூயிஸ் செஸ்கின்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் போன நூற்றாண்டு நடுவுலயே இதை படிச்சு வச்சாரு. அட்டைய பாத்து வர்ற உணர்வு அப்படியே உள்ள இருக்குற பொருளுக்கு போயிருதுங்கிறதுதான் அவர் கண்டது. வெண்ணெக்கு பதிலா எண்ணெய்ல செய்யுற, வெள்ளையா இருந்த மார்கரின மஞ்சளாக்கி நல்ல தாள்ல சுத்தி குடுத்தா வெண்ணெ மாதிரியே இருக்குன்னு சாப்பிட்டாங்க. அதே செஸ்கின்கிட்டதான் பின்னாடி மார்ல்போரோ சிகரெட் கம்பெனியும் யோசனை கேட்டுச்சு. லக்கி ஸ்ட்ரைக்ங்கிற சிகரெட் பிராண்டு 1942-ல பச்சை பாக்கெட்ட வெள்ளையா மாத்துச்சு. பச்சை மைக்கு வேணுங்கிற உலோகம் போருக்கு போயிருச்சுன்னு வெளிய சொன்னாங்க, உள்ளுக்குள்ள அந்த பச்சை பொம்பளைங்களுக்கு புடிக்கலைங்கிற கணக்கும் இருந்துச்சு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைங்கள்ல பாத்தா அந்தக்காலத்து தகர டப்பா, எனாமல் விளம்பர போர்டெல்லாம் இன்னைக்கும் விலை பேசி வாங்கிட்டு போறாங்க. உள்ள இருந்த சரக்கு புகையா போயி எத்தனையோ வருஷம் ஆச்சு, டப்பாவோட அழகு இன்னும் விலை போகுது. டிசைனுக்கு இருக்குற பலம் அவ்வளவு.

இப்ப பாக்கெட்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தா:

1. கெட்டியான சிவப்பு, கருஞ்சிவப்பு, கறுப்புன்னா "ஸ்ட்ராங்"னு தோணும். வெள்ளை, வெள்ளி, இளநீலம், வெளிறின தங்கம்னா "லேசு"ன்னு தோணும்.

2. "ஸ்மூத்", "சில்வர்"னு பேரு இருந்தா தார் கம்மி, ஆபத்து கம்மின்னு ஜனங்க மதிப்பு போடுறாங்க. கனடால டேவிட் ஹாமண்டும் அவரோட சகாவும் 2009-ல வெளியிட்ட ஆய்வுல 603 பேர்கிட்ட பாக்கெட்ட ஜோடி ஜோடியா காட்டி கேட்டாங்க. இளநீல பாக்கெட், சின்ன நம்பர் போட்ட பாக்கெட், பஞ்சோட படம் போட்ட பாக்கெட் எல்லாமே ஆபத்து கம்மின்னுதான் பதில் வந்துச்சு. சிகரெட் குடிக்கிறவங்க மட்டும் இல்ல, குடிக்காதவங்களும் இதுல விழுந்தாங்க.

3. ஒல்லி பாக்கெட், ஒல்லி சிகரெட்டுக்கு நாசூக்கு, கம்மி புகைங்கிற எண்ணம் ஒட்டிக்குது.

4. பச்சை, ஐஸ் நீலம் போட்ட மெந்தால், கேப்சூல் சிகரெட்ல பஞ்சுக்குள்ள இருக்குற குண்ட நசுக்கினா குளுகுளுன்னு வரும். தொண்டை எரியலைன்னதும் உள்ள ஒண்ணும் ஆகலைன்னு நம்புறோம், எரிச்சல் மரத்துப்போச்சே ஒழிய புகை அதேதான். காலேஜ் பசங்க மொதல் தடவை தொடுறது பெரும்பாலும் இந்த மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும்ங்கிறதால இதை ரொம்ப கவனிக்கணும்.

இதெல்லாம் யாரும் உக்காந்து யோசிச்சு எடுக்குற முடிவு இல்ல. புடிச்சமாதிரி இருக்குற பொருள் மேல ஆபத்துங்கிற எண்ணம் தானா குறையும், அது மனசோட சுபாவம். "நமக்கெல்லாம் வராது"ங்கிற நெனப்பு ஏற்கனவே உள்ள இருக்கு, வெளிறின பாக்கெட் அதுக்கு ஒரு காரணத்தை எடுத்து கைல குடுக்குது. "நான் ஸ்ட்ராங் குடிக்கிறதில்லையே, ஒரு நாளைக்கு ரெண்டு லைட்ஸ் மட்டும்தான்"னு சொல்றவங்களுக்கு இன்னொண்ணு தெரியணும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் குடிச்சாலும் இருபது குடிக்கிறவங்களுக்கு கூடுதலா வர்ற இதயநோய் ஆபத்துல கிட்டத்தட்ட பாதி வந்துருதுன்னு 2018-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வு காட்டுச்சு. எண்ணிக்கை இருபதுல ஒரு பங்கா குறைஞ்சா ஆபத்தும் இருபதுல ஒரு பங்குன்னு மனசு போடுற கணக்கு தப்பு.

வார்த்தை போச்சு, கலர் நின்னுச்சு

ஐரோப்பிய யூனியன் 2003-லயும் அமெரிக்கா 2010-லயும் லைட், மைல்ட் வார்த்தைங்கள தடை பண்ணாங்க. அமெரிக்கால மார்ல்போரோ லைட்ஸ் அப்படியே மார்ல்போரோ கோல்டு ஆச்சு. பாக்கெட் கலர் அதே, உள்ள இருந்தது அதே, பேரு மட்டும் வேற. தடைக்கு அப்புறம் கேட்டப்பவும் பெரும்பாலானவங்க தன்னோட பழைய பிராண்ட கண்டுபுடிக்கிறது சுலபமா இருக்குன்னுதான் சொன்னாங்க.

நம்ம பெட்டிக்கடைல நடக்குறதும் இதேதான். சட்டம் வாயை மூடுச்சு, கலர் கைசாடைல பேசுது. இதை சரியா புடிச்சு அடிச்ச நாடு உருகுவே. ஒரு பிராண்டுக்கு ஒரே ஒரு வகைதான் விக்கலாம், கோல்டு, சில்வர், ப்ளூன்னு குடும்பமே இறக்கக்கூடாதுன்னு 2009-ல விதி போட்டாங்க, கூடவே எச்சரிக்கைய 80% ஆக்குனாங்க. ஃபிலிப் மாரிஸ் கம்பெனி சர்வதேச தீர்ப்பாயத்துல வழக்கு போட்டுச்சு, அந்த குட்டி நாடு பின்வாங்கல, 2016-ல உருகுவே ஜெயிச்சுச்சு.

85% படம் என்ன செஞ்சுச்சு

இந்தியால 2003-ல புகையிலை கட்டுப்பாட்டு சட்டம் வந்துச்சு, அதை கோட்பான்னு சொல்வாங்க. பாக்கெட்ல படம் வந்தது 2009 மே 31-ல இருந்துதான், அதுவும் முன்பக்கம் மட்டும் 40%. அப்ப போட்டது நுரையீரல் எக்ஸ்ரே, மெல்லுற புகையிலைக்கு தேள் படம். அந்த தேள் எதுக்குன்னே பாதி பேருக்கு விளங்கல. அப்புறம் 2016 ஏப்ரல் 1-ல இருந்து ரெண்டு பக்கமும் 85%, அதுல 60% படம், 25% எழுத்து. கர்நாடக ஹைகோர்ட் 2017 டிசம்பர்ல இந்த விதிய ரத்து பண்ணுச்சு, 2018 ஜனவரில சுப்ரீம் கோர்ட் அந்த தீர்ப்ப நிறுத்தி வச்சுது, அதனால 85% தொடருது. 2018 செப்டம்பர்ல இருந்து 1800-11-2356-ங்கிற இலவச போன் நம்பரும் பாக்கெட்ல வருது, விட நெனக்கிறவங்க கூப்புடலாம்.

பிரயோஜனம் இருந்துச்சான்னா, இருந்துச்சு. தேசிய அளவுல எடுக்குற பெரியவங்களுக்கான புகையிலை சர்வேல, பாக்கெட் எச்சரிக்கைய பாத்து விடணும்னு நெனச்சதா சொன்ன சிகரெட் குடிக்கிறவங்க 2009-10-ல சுமார் 38%, 2016-17-ல 62%. பீடிக்காரங்கள்ல 29%-ல இருந்து 54% ஆச்சு. படம் போட்டு என்ன ஆகப்போகுதுன்னு சலிச்சுக்கிறவங்க இந்த நம்பர பாக்கணும். எழுதப் படிக்க வராதவங்களுக்கும் போயி சேர்ற ஒரே எச்சரிக்கை படம்தான். "அந்தப் படம் வேணாம்ணே, வேற படம் போட்டது குடுங்க"ன்னு சிலர் மாத்தி கேக்குறது படம் தோத்ததுக்கு அடையாளம் இல்ல, அது உறுத்துதுங்கிறதுக்குத்தான் அடையாளம்.

ஆனா ஒரே படத்தை திரும்ப திரும்ப பாத்தா கண்ணு மரத்துரும், அதனாலதான் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருதரம் படத்தை மாத்துறாங்க. அடுத்த படம் வர்ற செய்தி எதுக்குன்னு குழம்புறவங்களுக்கு காரணம் இதுதான்.

இருந்தும் ஒரு ஓட்டை இருக்கு. புண்ணு படம் சொல்றது "சிகரெட் ஆபத்து". மீதி 15%-ல இருக்குற வெள்ளி கலர் சொல்றது "அது மத்த சிகரெட்டுக்கு, இது அப்படி இல்ல". ரெண்டு செய்தியும் ஒரே அட்டைல, ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்கு.

கலரையே புடுங்குன நாடுகள்

ஆஸ்திரேலியா 2012 டிசம்பர் 1-ல இருந்து எல்லா பிராண்டுக்கும் ஒரே கலர், ஒரே எழுத்துன்னு ஆக்குச்சு. எந்த கலர் ரொம்ப அருவருப்பா இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணி ஒரு மங்குன பழுப்ப எடுத்தாங்க, பான்டோன் 448 சி-ன்னு அதுக்கு பேரு. ஆரம்பத்துல ஆலிவ் பச்சைன்னு சொல்லப்போக, ஆலிவ் விவசாயிங்க சங்கம் எங்க பயிர் பேர கெடுக்காதீங்கன்னு கேட்டு மாத்த வச்சாங்க.

நடந்தது என்னன்னா, புது பாக்கெட்ல குடிச்சவங்க, போன வருஷத்தை விட இப்ப சிகரெட் தரம் கொறஞ்சு போச்சுன்னு நெனைக்கிற வாய்ப்பு, பழைய பாக்கெட்காரங்கள விட 66% கூடுதலா இருந்துச்சு. மாறுனது அட்டை மட்டும்தான். அழகான அட்டை எத்தனை வருஷமா ருசியா நடிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு இதுல தெரிஞ்சுபோச்சு. விடுறதுக்கு உதவி கேட்டு வந்த போன் கால் ஒரு மாநிலத்துல 78% ஏறுச்சு.

இதை மந்திரம்னு சொல்லிறவும் கூடாது. அந்த அரசாங்கமே பின்னாடி கணக்கு பாத்தப்ப, மூணு வருஷத்துக்கு கிட்ட குடிக்கிறவங்க எண்ணிக்கைல நடந்த சரிவுல 0.55 சதவீத புள்ளிதான் இந்த பாக்கெட் மாற்றத்தால வந்ததுன்னு சொன்னாங்க. மிச்சம் வரி, மத்த நடவடிக்கைங்களால வந்தது. சின்ன நம்பர்தான், ஆனா அந்த ஊரு ஜனத்தொகைக்கு அது லட்சம் பேருக்கு கிட்ட வரும், ஒவ்வொருத்தருக்கும் ஒரு குடும்பம் இருக்கும்ல.

கம்பெனிங்க கோர்ட்டுக்கு போனாங்க, சில நாடுங்க உலக வர்த்தக அமைப்புக்கு போச்சுங்க, 2020-ல கடைசி முறையீட்டுலயும் ஆஸ்திரேலியா பக்கமே தீர்ப்பு. கலர் போனதும் அங்க பேருக்குள்ள கலர் நுழைஞ்சுச்சு, "ப்ளூ", "ஸ்மூத் கோல்டு"ன்னு எழுத்துலயே கொண்டு வந்தாங்க, அதையும் அடைக்க புது சட்டம் போட வேண்டி வந்துச்சு. பிரிட்டன், பிரான்ஸ் எல்லாம் இதே பாதைல போயாச்சு. ஆசியால மொதல்ல செஞ்சது தாய்லாந்து, 2019-ல, அடுத்த வருஷமே சிங்கப்பூர். இலங்கை ஒரே கலருக்கு போகாட்டியும் 80% எச்சரிக்கை போட்டாச்சு. நம்ம செட்டிநாட்டு சனம் தலைமுறை தலைமுறையா போயி வந்த ஊருங்க இதெல்லாம்.

பீடியும் சுருட்டும் "இயற்கை" இல்ல

லைட்ஸ் மயக்கம் டவுனுக்குன்னா, பீடிக்கு வேற மயக்கம். இலைல சுத்துனது, பஞ்சு இல்ல, பேப்பர் இல்ல, அதனால உடம்புக்கு அவ்வளவு கெடுதல் இல்லைன்னு திருப்பத்தூர், பொன்னமராவதி பக்கம் வயல் வேலை முடிச்சு உக்காருற பெரியவங்க பல பேரு நம்புறாங்க. பீடிக்கட்டு மேல ஒட்டுற லேபிளும் பழக்கப்பட்ட முகமா, மங்களகரமா இருக்கும். உண்மைல பீடி இலை காத்த உள்ள விடாது, அணைஞ்சுராம இருக்க ஓயாம இழுக்கணும், தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்ட விட கூடுதலாவே வருது.

இந்த இயற்கைங்கிற வார்த்தை அமெரிக்காலயும் இதே வேலைய பாத்துச்சு. நேச்சுரல் அமெரிக்கன் ஸ்பிரிட்ங்கிற பிராண்டுக்கு 2015-ல அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை கடிதம் அனுப்பி, 2017-ல "கலப்படமில்லாதது"ங்கிற மாதிரி வார்த்தைய எடுக்க வச்சாங்க. பர்மா சுருட்டோ, பீடியோ, எந்த இலைய எரிச்சாலும் வர்றது புகைதான்.

ஒத்த சிகரெட்டுக்கு அட்டை ஏது

இவ்வளவு நேரம் பாக்கெட்ட பத்தி பேசுனோம், ஆனா நம்ம பக்கம் பாதிக்கு மேல ஆளுங்க பாக்கெட் வாங்குறதே இல்ல. தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல்னு எந்த ஊரு கடைக்கு போனாலும் ஒத்த சிகரெட்தான் ஓடுது. இதுல மூணு விஷயம் நடக்குது.

1. 85% படம் கடைக்காரரோட கைக்குள்ளயே நின்னுருது. வாங்குறவர் கைக்கு வர்றது சுத்தமான வெள்ளை குச்சி, போன் நம்பரும் அவரு கண்ணுல படாது.

2. எச்சரிக்கை மறைஞ்சாலும் கலர் மறையல. கடைல வரிசையா அடுக்கி வச்சதுல மேல் விளிம்பு மட்டும் தெரியும், அதை வச்சு ஆளு கை காட்டிருவாரு. அதாவது பயமுறுத்துற பாதி போயிருது, சமாதானம் சொல்ற பாதி வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு.

3. முழு பாக்கெட்டுக்கு காசு இல்லாத பதினாறு, பதினேழு வயசு பசங்களுக்கு ஒத்த குச்சி சுலபமா கிடைக்குது. பதினெட்டுக்கு கீழ விக்கக்கூடாதுன்னு சட்டம் இருந்தும்.

மகாராஷ்டிரா 2020-ல ஒத்த சிகரெட் விக்கிறத தடை பண்ணுச்சு. பாக்கெட் சட்டத்தை எவ்வளவு கடுமையா எழுதினாலும் குச்சிய தனியா விக்க விட்டா அது பாதி சட்டம்தான், என் கருத்துல நம்ம ஊருக்கு படம் மாத்துறத விட அவசரமானது இதுதான்.

கனடா வேற வழிய புடிச்சுது. 2023 ஆகஸ்ட்ல இருந்து படிப்படியா ஒவ்வொரு குச்சி மேலயும், பஞ்ச சுத்தி இருக்குற தாள்லயே எச்சரிக்கைய அச்சடிக்க வச்சுது, 2025-ல ஆஸ்திரேலியாவும் குச்சில எழுத ஆரம்பிச்சுது. கனடா எழுதுனதுல ஒண்ணு "ஒவ்வொரு இழுப்புலயும் விஷம்". பாக்கெட்ட தூக்கி போட்டாலும், ஒத்தையா வாங்குனாலும், நண்பன்கிட்ட ஓசி வாங்குனாலும், உதட்டுக்கு போறதுக்கு முன்னாடி அந்த வரி கண்ணுக்கு நேரா வந்து நிக்கும்.